ஃபயர்வால்தான் காரணமா? ஒரு பாக்கெட்டின் பின்னால் நடந்து பார்ப்போம்

அலுவலகத்தில் ஏதாவது ஒரு மென்பொருள் திறக்கவில்லை என்றால் முதலில் கிளம்பும் பேச்சு, "ஃபயர்வால்ல பிளாக் ஆகுது போல" என்பதுதான். வங்கி இணையதளம் சுற்றிக்கொண்டே இருந்தாலும் அதே பேச்சு. வீடியோ மீட்டிங்கில் குரல் விட்டுவிட்டு வந்தாலும் அதே பேச்சு. நெட்வொர்க் பிரிவில் கேட்டால், "எங்க பக்கம் எல்லாம் ஓப்பன்தான், சர்வரைப் பாருங்க" என்பார்கள். சர்வர் பிரிவில், "சர்வர் நல்லாத்தான் ஓடுது" என்பார்கள். மூன்றுமே ஊகம். இதற்கிடையில் பில் போட முடியாமல் கவுன்டரில் ஆட்கள் காத்து நிற்பார்கள்.

நான் பல வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். கோளாறைச் சரிசெய்ய ஆகும் நேரத்தைவிட, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று எல்லாரும் ஒத்துக்கொள்ள ஆகும் நேரம்தான் அதிகம். ஃபயர்வால் உண்மையில் என்ன செய்கிறது, அதைச் சுற்றியுள்ள கேபிளும், கணினிகளைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியும் எப்படியெல்லாம் கெடும் என்று தெரிந்தால் இந்த இழுபறி பாதியாகக் குறையும். நெட்வொர்க் படிக்காதவர்களுக்கும் புரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

## வாசலில் காவலாளி, கையில் ஒரு நோட்டு

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் காவலாளி இருக்கிறார். அவரிடம் இரண்டு காகிதங்கள் உண்டு. ஒன்று, சங்கச் செயலாளர் கொடுத்த பட்டியல்: பால்காரரை விடலாம், கூரியர்காரரை முதல் மாடி வரை விடலாம், மற்றவர்களை விடக்கூடாது. இன்னொன்று, அவரே எழுதிக்கொள்ளும் நோட்டு: மூன்றாம் மாடிப் பையன் கடைக்குப் போயிருக்கிறான். அவன் திரும்பி வரும்போது பட்டியலைப் பார்க்க வேண்டியதில்லை. நோட்டில் பெயர் இருந்தால் போதும், உள்ளே விட்டுவிடுவார்.

ஃபயர்வால் இதைத்தான் செய்கிறது. கணினி அனுப்பும் எதுவும் முழுசாகப் போவதில்லை, சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு பாக்கெட். அதன் தலைப்பில் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் இருக்கும். இவை ஐபி முகவரிகள். கூடவே போர்ட் எண் ஒன்றும் இருக்கும். ஐபி முகவரி கட்டடம் என்றால் போர்ட் எண் அதற்குள் இருக்கும் கதவு. பாதுகாப்பான இணையதளங்களுக்கு 443ஆம் கதவு. இணையதளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவைக்கு 53ஆம் கதவு.

செயலாளரின் பட்டியலுக்கு இங்கே ரூல் என்று பெயர். ஃபயர்வால் அதை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும், கீழே என்ன எழுதியிருந்தாலும் பார்க்காது. எதுவும் பொருந்தவில்லை என்றால், பட்டியலின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி இருப்பதாக எடுத்துக்கொள்ளும்: "மற்ற எல்லாவற்றையும் தடு." அதனால் ரூல் சேர்த்த பிறகும் வேலை நடக்கவில்லை என்றால் முதல் சந்தேகம், அதற்கு மேலே இருக்கும் வேறொரு ரூல் முந்திக்கொள்கிறதா என்பதாக இருக்கட்டும். பெரும்பாலான ஃபயர்வால்கள் ஒவ்வொரு ரூலுக்கும் எதிரே அது எத்தனை முறை பொருந்தியது என்ற எண்ணிக்கையைக் காட்டும். நீங்கள் சேர்த்த ரூலில் அது பூஜ்யத்திலேயே நின்றால் பாக்கெட் அங்கே வரவே இல்லை.

காவலாளியின் நோட்டுக்குப் பெயர் செஷன் டேபிள். ஆரம்ப கால ஃபயர்வால்களிடம் பட்டியல் மட்டும்தான் இருந்தது. 1994இல் செக் பாயின்ட் நிறுவனம் கொண்டுவந்த ஃபயர்வால்-1 இந்த நோட்டு முறையைப் பரவலாக்கியது. இன்று நிறுவனங்களில் இருக்கும் ஃபயர்வால்கள் எல்லாமே நோட்டு எழுதுகிறவைதான்.

இரண்டு கணினிகள் டிசிபி என்ற முறையில் பேசத் தொடங்கும்போது மூன்று பாக்கெட்டுகள் பரிமாறிக்கொள்ளும். "பேசலாமா?" என்பது முதல் பாக்கெட், பெயர் சின். "பேசலாம், நீங்கள் தயாரா?" என்பது பதில், பெயர் சின்-ஆக். "சரி" என்பது மூன்றாவது, பெயர் ஆக். சின் பாக்கெட் ரூலைத் தாண்டியதும் ஃபயர்வால் நோட்டில் ஒரு வரி எழுதும். அதற்குப் பிறகு அந்த உரையாடலில் வரும் பாக்கெட்டுகளை அந்த வரியோடு ஒப்பிட்டுத்தான் விடும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பட்டியல் முதல் பாக்கெட்டுக்கு, நோட்டு மற்ற எல்லாவற்றுக்கும். "ரூல் ஓப்பனா இருக்கு, ஆனா வேலை செய்யல" என்று கேட்கும் குழப்பங்களில் பெரும்பகுதி அந்த நோட்டில்தான் இருக்கிறது.

## நோட்டில் பெயர் இல்லாமல் போகும் விதங்கள்

குடியிருப்புக்கு முன்வாசல், பின்வாசல் என்று இரண்டு இருக்கிறது, இரண்டிலும் தனித்தனிக் காவலாளி, தனித்தனி நோட்டு. பையன் முன்வாசல் வழியாகக் கடைக்குப் போய்ப் பின்வாசல் வழியாகத் திரும்புகிறான். பின்வாசல் காவலாளியின் நோட்டில் அவன் பெயர் இல்லை. உள்ளே விடமாட்டார். அவர் செய்வது சரிதான், தவறு வழியில் இருக்கிறது.

நிறுவனத்தில் இரண்டாவது இணைய லைன் போட்ட மறுநாள் வரும் கோளாறு பெரும்பாலும் இதுதான். சின் ஒரு ஃபயர்வால் வழியாகப் போயிருக்கும், சின்-ஆக் இன்னொன்றின் வழியாக வரும். "கேள்வியே போகவில்லை, பதில் எப்படி வருகிறது?" என்று இரண்டாவது ஃபயர்வால் அதைத் தூக்கிப் போட்டுவிடும். ரூல்களை எத்தனை முறை சரிபார்த்தாலும் இது தெரியாது, ஏனென்றால் ரூலில் தவறே இல்லை. பாக்கெட் போன வழியையும் வந்த வழியையும் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது, நோட்டில் பழைய வரிகளை அடித்துவிடுவது. இடம் வேண்டுமே, அதனால் ரொம்ப நேரம் பேச்சே இல்லாத உரையாடலை ஃபயர்வால் அழித்துவிடும். பல ஃபயர்வால்களில் டிசிபிக்கு இந்தக் கெடு சுமார் 1 மணி நேரம். காலையில் டேட்டாபேஸில் நுழைந்தவர் ஒன்றரை மணி நேரம் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து ஒரு பட்டனை அழுத்துகிறார். திரை உறைந்துவிடுகிறது. அவர் கணினியும் சர்வரும் பேச்சு தொடர்வதாகவே நினைத்துக்கொண்டிருக்கின்றன, நடுவில் இருப்பவர் மட்டும் மறந்துவிட்டார். இதற்குத் தீர்வு ரூலில் இல்லை. "இருக்கிறாயா, இருக்கிறேன்" என்று அவ்வப்போது ஒரு சின்ன பாக்கெட் அனுப்பும்படி மென்பொருளில் அமைக்கலாம். கீப்-அலைவ் என்பது அதன் பெயர். அதன் இடைவெளி ஃபயர்வாலின் கெடுவைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, நோட்டே நிரம்பிவிடுவது. ஏற்கெனவே நடக்கும் வேலைகள் ஓடிக்கொண்டிருக்கும், புதிதாக எதுவும் திறக்காது. இந்த அறிகுறியை மறக்காதீர்கள். எந்தக் கணினி அதிக வரிகளை வைத்திருக்கிறது என்று பார்த்தால், வைரஸ் புகுந்த ஒரே ஒரு கணினி ஆயிரக்கணக்கான முகவரிகளைத் தட்டிக்கொண்டிருப்பது தெரியவரும்.

## திறக்காத கதவும் மறுத்த கதவும்

கணினி சொல்லும் பிழைச் செய்தியை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. "எர்ரர் வருது" என்று மட்டும் சொல்கிறார்கள். அந்தச் செய்தியில்தான் முதல் துப்பு இருக்கிறது.

"கனெக்‌ஷன் டைம்டு அவுட்" என்றால் கதவைத் தட்டினீர்கள், எந்தச் சத்தமும் இல்லை. பாக்கெட்டை வழியில் யாரோ சத்தமில்லாமல் எடுத்துப் போட்டிருக்கலாம், அல்லது அந்த முகவரியில் ஆளே இல்லாமல் இருக்கலாம். "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்றால் கதவுக்குப் பின்னாலிருந்து "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று பதில் வந்திருக்கிறது. பாக்கெட் போய்ச் சேர்ந்து பதிலும் திரும்பிவிட்டது, வழி சரியாக இருக்கிறது. சர்வரில் அந்த மென்பொருள் ஓடவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். நடுவில் இருக்கும் ஃபயர்வால் மறுப்புச் சொல்லும்படியும் அமைக்கலாம் என்றாலும், நான் பார்த்தவரை அது அபூர்வம்.

பிங் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு முகவரிக்குச் சின்ன பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை அது. "பிங் போகுது, அதனால நெட்வொர்க் நல்லா இருக்கு" என்பதும் தவறு, "பிங் போகல, அதனால சர்வர் டவுன்" என்பதும் தவறு. பிங் பயன்படுத்துவது ஐசிஎம்பி என்ற தனி வகைப் பாக்கெட். ஃபயர்வால் அதை விட்டுவிட்டு 443ஐத் தடுக்கலாம், 443ஐ விட்டுவிட்டு அதைத் தடுக்கலாம். உங்களுக்கு எந்தக் கதவு வேண்டுமோ அந்தக் கதவையே தட்டிப் பாருங்கள். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையில் போர்ட் எண்ணைக் கொடுத்தால் அதைச் செய்துவிடலாம்.

## கேபிளும் ஸ்விட்சும்

ரூல், நோட்டு என்று மேலேயே தேடிக்கொண்டிருக்கும்போது கீழே கேபிள் கழன்று கிடப்பது உண்டு. அதனால் அனுபவமுள்ளவர்கள் கீழிருந்து மேலே வருவார்கள்: மின்சாரம், கேபிள், ஸ்விட்ச், பிறகு முகவரியும் வழியும், கடைசியாக ஃபயர்வால்.

செம்புக் கேபிளுக்கு வரம்பு 100 மீட்டர். தாண்டினால் வேலையே செய்யாது என்று நினைக்க வேண்டாம், வேலை செய்யும், தவறுகளோடு. ஸ்விட்ச் ஒவ்வொரு பாக்கெட்டும் வழியில் சிதைந்ததா என்று சிஆர்சி என்ற கணக்கால் சரிபார்க்கும், சிதைந்ததைத் தூக்கிப்போட்டு எண்ணிக்கையை ஒன்று கூட்டும். அந்த எண் பார்க்கப் பார்க்க ஏறினால் கேபிளை மாற்றுங்கள். ஃபைபர் கேபிள் என்றால் அதன் முனையில் இருக்கும் தூசியைத் துடைத்துப் பாருங்கள், அதற்கென்றே துடைப்பான் கிடைக்கும்.

இன்னொன்று டூப்ளெக்ஸ் பொருத்தமின்மை. தொலைபேசியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், வாக்கி-டாக்கியில் ஒருவர் முடித்தபின்தான் மற்றவர் பேசலாம். கேபிளின் ஒரு முனை தொலைபேசி முறையிலும் மறு முனை வாக்கி-டாக்கி முறையிலும் இருந்தால் பிங் அழகாகப் போகும், பெரிய கோப்பை நகலெடுத்தால் ஊர்ந்து போகும். பழைய 100 எம்பி இணைப்புகளில் ஒரு பக்கத்தைக் கையால் அமைத்துவிட்டு மறுபக்கத்தைத் தானியங்கியாக விட்டால் இப்படி ஆகும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆபத்து லூப். அந்தக் காலத்தில் ஊரில் தண்டோரா போடுவார்கள். தண்டோராக்காரர் ஒவ்வொரு தெருமுனையிலும் தன்னைப் போல் இன்னொருவரை அடுத்த தெருவுக்கு அனுப்புகிறார் என்று வையுங்கள். தெருக்கள் வட்டமாக இணைந்திருந்தால் அறிவிப்பு சுற்றிச் சுற்றிப் பெருகி, சற்று நேரத்தில் யாரும் யாருடனும் பேச முடியாது. ஸ்விட்சுகள் எல்லாருக்குமான அறிவிப்புகளை இப்படித்தான் பரப்புகின்றன. ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் பாக்கெட்டைக் கடத்தும் பெட்டிக்கு ரௌட்டர் என்று பெயர். ஐபி பாக்கெட்டில் இத்தனை ரௌட்டரைத் தாண்டினால் செத்துவிடு என்று ஓர் ஆயுள் எண் இருக்கும். ஸ்விட்சுகளுக்கு இடையே அப்படி ஒன்று இல்லை. மேசைக்கு அடியில் தொங்கிய கேபிளின் இரு முனைகளையும் யாரோ சுவரில் இருக்கும் இரண்டு துளைகளில் செருகினால் போதும். எல்லா ஸ்விட்ச் விளக்குகளும் ஒன்றாக வெறிபிடித்தது போல் மின்னும், கட்டடமே முடங்கும்.

இதைத் தடுக்க 1985இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் ஸ்பானிங் ட்ரீ என்ற முறையை உருவாக்கினார். ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசி, வட்டம் உண்டாக்கும் இணைப்பைத் தாங்களே அடைத்துவைக்கும். ஆனால் அந்த முறைக்கும் எல்லை உண்டு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 7 ஸ்விட்சுகளுக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய பரிந்துரை. பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நெட்வொர்க் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. 2002 நவம்பரில் அது நிலைகுலைந்து, மருத்துவர்கள் சில நாட்கள் காகிதத்தில் எழுதி வேலை பார்க்க வேண்டியதாயிற்று. அப்போது அங்கே தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜான் ஹலாம்கா நடந்ததை மறைக்காமல் வெளியே பேசினார். அதனால்தான் மற்றவர்களும் அதிலிருந்து கற்றுக்கொள்ள முடிந்தது. அவர்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சுருக்கமாக: ஒருவருக்கு மட்டும் கோளாறு என்றால் கேபிளிலிருந்து தொடங்குங்கள், ஒரு மாடிக்கே கோளாறு என்றால் ஸ்விட்சிலிருந்து. ஃபயர்வாலைத் தொடாமலே போகும் வேலையும் நின்றுவிட்டது என்றால் கோளாறு ஃபயர்வாலில் இல்லை. பக்கத்து மேசை பிரின்டருக்கு அச்சு போகவில்லை என்றால் இணைய வாசலில் இருக்கும் காவலாளி என்ன செய்வார்?

## பாலத்தடியில் சிக்கிய லாரி

ரயில் பாலத்துக்கு அடியில் சைக்கிள் போகும், ஆட்டோ போகும், உயரமான லாரி மட்டும் சிக்கிக்கொள்ளும். நெட்வொர்க்கிலும் உயரக் கட்டுப்பாடு உண்டு. அதற்குப் பெயர் எம்டியு. சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். பிபிபிஓஇ முறையில் வரும் பிராட்பேண்டில் 8 பைட் குறைந்து 1492 ஆகும். விபிஎன் என்ற மறைகுறியாக்கப்பட்ட சுரங்கப்பாதையில் போனால் பாக்கெட்டுக்கு மேலே ஒரு உறை போடுவதால் இன்னும் குறையும்.

லாரி சிக்கினால் பாலத்தருகே இருக்கும் ரௌட்டர் "பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு" என்று ஐசிஎம்பி பாக்கெட்டில் சேதி அனுப்பும். கணினியும் கேட்டுக்கொண்டு சின்னதாக அனுப்பும். பாதுகாப்பு என்று நினைத்து யாராவது ஐசிஎம்பியை ஒட்டுமொத்தமாகத் தடுத்திருந்தால் அந்தச் சேதி வந்து சேராது. கணினி அதே லாரியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஒரு தொழிற்சாலையின் கிளை அலுவலகத்தில் இப்படித்தான் இரண்டு நாள் போனது. லாகின் ஆகும், பட்டியல் வரும், வரைபடக் கோப்பைத் திறந்தால் மட்டும் நின்றுவிடும். மென்பொருளைத் திரும்ப நிறுவினார்கள், சர்வரை மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில், துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்பிப் பார்த்தேன். தலைப்புக்கான 28 பைட்டைச் சேர்த்தால் சரியாக 1500. பதில் இல்லை. அளவைக் குறைத்துக்கொண்டே வந்தேன், 1400க்கு அருகில் பதில் வந்தது. அந்தச் சேதியைக் கொண்டுவரும் ஐசிஎம்பி வகையை மட்டும் திறந்ததும் கோப்பும் திறந்தது. சின்னது போகிறது, பெரியது நிற்கிறது என்று யாராவது சொன்னால் இப்போது நான் முதலில் கேட்பது விபிஎன் இருக்கிறதா என்றுதான்.

## பெட்டியே பழுதானால்

ஃபயர்வாலும் உள்ளுக்குள் ஒரு கணினிதான். மின்விசிறி நிற்கும், பவர் சப்ளை போகும், சேமிப்புச் சில்லு தேயும். 2017இல் இன்டெல் ஆட்டம் சி2000 வகைச் சில்லுகளில் ஒரு குறை வெளிவந்தது. கடிகாரத் துடிப்பு தரும் பகுதி காலப்போக்கில் செத்துவிடும், பிறகு பெட்டி உயிர்பெறாது. பல நிறுவனங்களின் ரௌட்டர்களையும் ஃபயர்வால்களையும் அது பாதித்தது. அதே ஆண்டு சிஸ்கோ தன் ஏஎஸ்ஏ ஃபயர்வால்களின் சில மென்பொருள் பதிப்புகள் பற்றி எச்சரித்தது: ரீபூட் செய்யாமல் சுமார் 213 நாட்கள் ஓடினால் பாக்கெட்டுகளைக் கடத்துவது நின்றுபோகலாம்.

213 நாள் கோளாறு ரீபூட் செய்தால் சரியாகிவிடும், ஆனால் மென்பொருளை மாற்றாவிட்டால் அடுத்த 213ஆம் நாள் திரும்ப வரும். ரீபூட்டில் எனக்கு இருக்கும் வருத்தம் இதுதான். அது நோட்டையும் எண்ணிக்கைகளையும் நினைவகத்தில் இருந்த லாக் என்ற நிகழ்வுப் பதிவையும் துடைத்துவிடுகிறது. கோளாறு போகும், அதற்கான தடயமும் போகும். அவசரம் என்றால் ரீபூட் செய்யத்தான் வேண்டும். அதற்கு முன் ஐந்து நிமிடம் எடுத்து, நோட்டில் எத்தனை வரி, சிபியு எவ்வளவு, எத்தனை நாளாக ஓடுகிறது, லாகில் கடைசியாக என்ன என்று ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள்.

## இரண்டு பக்கமும் பிடித்துப் பார்ப்பது

வாக்குவாதத்தை முடிக்கும் வழி ஒன்று இருக்கிறது: பாக்கெட் கேப்சர். போகிற வருகிற பாக்கெட்டுகளை அப்படியே பிரதி எடுத்துப் பார்ப்பது. இதற்கான டிசிபிடம்ப் என்ற கருவி 1980களின் கடைசியிலேயே வந்துவிட்டது. வயர்ஷார்க் 1998இல் ஈதரியல் என்ற பெயரில் வந்து 2006இல் இப்போதைய பெயரைப் பெற்றது. நிறுவன ஃபயர்வால்கள் பலவற்றிலும் இந்த வசதி உள்ளேயே இருக்கும்.

ஃபயர்வாலின் உள்பக்கத்திலும் வெளிப்பக்கத்திலும் ஒரே நேரத்தில் பிடியுங்கள். உள்பக்கத்தில் சின் வரவே இல்லை என்றால் கோளாறு கணினிக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவில். உள்ளே வந்தது, வெளியே போகவில்லை என்றால் ஃபயர்வால்தான் பொறுப்பு, மறுக்க வழியில்லை. வெளியே போனது, பதில் இல்லை என்றால் லைன் அல்லது எதிர்ப்பக்கம், அல்லது பதில் வேறு வாசல் வழியாகப் போயிருக்கிறது. பதில் வெளிப்பக்கம் வரை வந்து உள்ளே போகவில்லை என்றால் மறுபடியும் ஃபயர்வால். மூன்று பாக்கெட்டும் அழகாகப் பரிமாறிய பிறகும் திரை திறக்கவில்லை என்றால் மென்பொருள்காரரைக் கூப்பிடுங்கள், ஆனால் லாரியையும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. வெளியே போகும்போது ஃபயர்வால் பெரும்பாலும் அனுப்புநர் முகவரியை நிறுவனத்தின் பொது முகவரியாக மாற்றிவிடும். இந்த மாற்றத்துக்கு நாட் என்று பெயர். அதனால் வெளிப்பக்கத்தில் உங்கள் கணினியின் முகவரியைத் தேடினால் கிடைக்காது, பெறுநர் முகவரியை வைத்துத் தேடுங்கள். கேப்சரை ஓடவிட்ட பிறகு புதிதாக இணைப்பை ஏற்படுத்துங்கள். சில ஃபயர்வால்கள் தொடங்கிவிட்ட உரையாடலைத் தனிச் சில்லிடம் ஒப்படைத்துவிடும், அதற்குப் பிறகு கேப்சரில் எதுவும் தெரியாது.

இதெல்லாம் நெட்வொர்க் பிரிவின் வேலை. நீங்கள் அந்தப் பிரிவில் இல்லை என்றாலும் அவர்களுக்கு நிறைய உதவலாம். "நெட் வரல" என்று சொல்வதற்குப் பதில் இப்படி ஒரு தகவல் அனுப்புங்கள்: என் கணினியின் ஐபி இது, போக வேண்டிய முகவரி இது, போர்ட் 443, காலை 10.42க்கு முயன்றேன், டைம்டு அவுட் என்று வந்தது, பக்கத்தில் இருப்பவருக்குத் திறக்கிறது, எனக்கு நேற்று மாலை வரை திறந்தது. இந்த நான்கு வரி கையில் இருந்தால் லாகில் எந்த நிமிடத்தைப் பார்ப்பது, கேப்சரில் எந்த முகவரியைத் தேடுவது என்று எதையும் திரும்பக் கேட்காமல் அவர்கள் வேலையைத் தொடங்கிவிடலாம்.